தொட்டி நிறையும் வரை

பத்து இருபதுக்கு மோட்டார் போட்டார்கள். போட்டதும் தலைக்கு மேலே, நாற்பதடி உயரத்தில், வெறும் அண்டாவில் குழாயைத் திறந்துவிட்ட மாதிரி ஒரு சத்தம். கோமதிநாயகம் அண்ணாந்து பார்த்தான். பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் பார்த்தான். உதவிப் பொறியாளர் அண்ணாந்து பார்த்தால் ஊரே அண்ணாந்து பார்க்கும். பிளாஸ்டிக் நாற்காலியைத் தொட்டிக்கு நேர் அடியில், ஆறு தூணுக்கும் நடுவில், தவமணிதான் கொண்டுவந்து போட்டிருந்தான். தவமணி கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர். துண்டால் நாற்காலியைத் தட்டி, ‘உக்காருங்க சார், நிழலு இங்க மட்டுந்தான்’ என்றான். பொய்யில்லை. கல்மடைப்பட்டியில் சீமைக்கருவேலத்தை விட்டால் வேறு மரம் கிடையாது, அதன் நிழல் ஒரு ஆட்டுக்குக்கூடக் காணாது. நிரப்பிப் பார்க்கிற அன்றைக்கு இன்ஜினியருக்கு நாற்காலியை அடியில்தான் போட வேண்டும் என்பது இந்தப் பக்கத்துக் கான்ட்ராக்டர்களின் வழக்கம். ஒரு இளநீர், ஒரு போட்டோ. ஊர்க்காரன் பார்ப்பான்: படிச்ச மனுசன், அவரே அடியில உக்காந்திருக்காரு. ஒன்றரைக்குள் அறுபதாயிரம் லிட்டரும் நிறைந்துவிடும், ஒழுகவில்லை என்று படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். உட்கார்ந்திருப்பதுதான் வேலை. அறுபதாயிரம் லிட்டர் என்றால் அறுபது டன். அறுபது டன் என்றால் ஆறு லாரி மணல். முதல் லாரி இப்போதுதான் ஏறிக்கொண்டிருக்கிறது, தொம் தொம் என்று, யாரோ மாடியில் செருப்புக்காலோடு நடக்கிற மாதிரி. காலையில் வந்து இறங்கியதும் பைக் சாவியால் தூணைத் தட்டிப் பார்த்தான். இடுப்பளவு வரைக்கும் டங், டங். அதற்கு மேலே டொப். அடுத்த தூண். டங், டங், டொப். ‘அது பூச்சு சார், பூச்சு சத்தம் அப்பிடித்தான் வரும்’ என்றான் தவமணி, முகத்தில் ஒரு ஈ உட்கார்ந்தால்கூட அசையாதவன். பூச்சா. தூணுக்கு எவன் பூசுகிறான். பலகையைப் பிரித்தபோது கலவை இறங்காமல் தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்திருக்கும். சிமெண்ட் பாலை அப்பி, மேலே ஆகாய நீலம் அடித்து, அதற்கும் மேலே நீரின்றி அமையாது உலகு என்று மஞ்சளில் எழுதிவிட்டார்கள்.

தம்பி, கியூப் பாஸ். கியூப் பாஸ்னா டேங்க் பாஸ். டேங்கே பாஸாயிருச்சு, நீங்க ஏன் பெயிலான மூஞ்சியோட நிக்கிறீங்க. இது ஈ.ஈ.யின் குரல். செயற்பொறியாளர், வெற்றிலை போடாமலே வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு பேசுகிறவர். கோமதிநாயகத்துக்கு யார் குரலும் அச்சாக வரும். பத்தாவது படிக்கையில் தலைமையாசிரியர் குரலில் மைக்கில் அரைநாள் லீவு அறிவித்து, எண்ணூறு பேரை வீட்டுக்கு அனுப்பியவன்; அனுப்பப்பட்டவர்களில் கணக்கு வாத்தியாரும் உண்டு. இப்போது அப்படியெல்லாம் செய்வதில்லை. அவர்கள் உள்ளே வந்து தாங்களே பேசிக்கொள்கிறார்கள், இவன் காது கொடுத்தால் போதும். சார், என் கல்லு இதுவரைக்கும் ஒண்ணுகூட பெயிலானதில்ல சார், மிஷினே மூச்சு வாங்கும். இது கியூப் அந்தோணி. கியூப் என்பது ஆறங்குலச் சதுரக் கல். தொட்டிக்குப் போடுகிற கலவையிலேயே கொஞ்சம் அள்ளி இரும்பு அச்சில் வார்த்து, இருபத்தெட்டு நாள் தண்ணீரில் போட்டு, காலேஜ் லேபில் மிஷினுக்கு அடியில் வைத்து நசுக்குவார்கள். கல் தாங்கினால் தொட்டி தாங்கும் என்று அர்த்தம். இந்த மாவட்டத்தில் அந்தக் கல்லை வார்ப்பதற்கென்றே ஒரு மேஸ்திரி இருக்கிறார். எந்த ஊர்த் தொட்டி, எந்த ஊர்ப் பாலம், எந்தப் பள்ளிக்கூடம் ஆனாலும் கல் அந்தோணி கைதான். குடோனுக்குப் பின்னால் மனைக்கட்டை போட்டு உட்கார்ந்து, ஜல்லியைக் கழுவி, மணலைச் சலித்து, சிமெண்டைத் தாராளமாகக் கொட்டி, கம்பியால் எண்ணி முப்பத்தைந்து குத்து குத்தி, குளிப்பாட்டிய பிள்ளைக்குப் பவுடர் போடுவதுபோல மேலே தடவிக்கொடுப்பார். மாவட்டத்திலேயே முதல்தரமான காங்கிரீட் அவர் கையிலிருந்துதான் வருகிறது. வந்து, மிஷினுக்குள் போய், நசுங்கி, லேபுக்குப் பின்னால் குப்பையில் கிடக்கிறது. இருபது வருஷமாக ஒரு மனுஷன் இவ்வளவு நல்ல காங்கிரீட் போட்டு, அதன் மேல் ஒரு பிள்ளை ஏறி நின்றது கிடையாது. நசுங்காமல் மிஞ்சிய ஒரு கல்லை அவர் ஆசையாகக் கொடுத்தார், கோமதிநாயகத்தின் வீட்டில் காற்றுக்குக் கதவு அடிக்காமல் இருக்க அதைத்தான் வைத்திருக்கிறார்கள். அசைக்க முடியாது. அரசு வேலையில் இவன் கண்ணால் கண்ட ஒரே உறுதியான பொருள் அது.

மேற்கண்ட கனசதுரங்கள் பணித்தளத்தில் என் முன்னிலையில் வார்க்கப்பட்டன எனச் சான்றளிக்கிறேன். என் முன்னிலையில். அந்த வியாழக்கிழமை இவன் சங்கரன்கோவிலில் தங்கச்சி கல்யாணத்தில் பந்தி விசாரித்துக்கொண்டிருந்தான். தவமணி பட்டுச் சட்டை போட்டு வந்து சாப்பிட்டு, கை கழுவி, இடுப்பிலிருந்து படிவத்தை உருவினான். ‘இன்னைக்கு வார்த்த கல்லுக்கு சார், ஒரு கையெழுத்துத்தான்.’ பாயசப் பிசுபிசுப்போடு போட்டான். என் முன்னிலையில். ஆனால் ஒன்றுமே வாங்கவில்லை. நான் எதையும் வாங்கலை. இந்த வாக்கியத்தை இவன் தினமும் குளிக்கும்போது சொல்லிக்கொள்கிறான், சோப்பு மாதிரி, ஆனால் இன்றைக்கு அது நுரைக்கவில்லை. வாங்கலையா தம்பி? அம்மாவுக்கு முடியலை, வீட்டுப் பக்கத்து ஒன்றியமா வேணும்னு வந்து நின்னது யாரு, நானா? அம்மாவின் குரல் ஈ.ஈ. குரலோடு சேர்ந்து வருகிறது: அந்தப் பெரிய மனுசன் நல்லா இருக்கணும்டா, ஒன்னைக் கண்ணு முன்னால வச்சுப் பாக்கேன். வேண்டாம் என்று எழுதியவர்கள் என்ன ஆனார்கள். இவனுக்கு ரொம்ப முன்னால் இந்த ஒன்றியத்தில் இருந்த ஜெயசீலன் சார் ஒரு வேலையை நிறுத்திவைத்தார். பதினோரு மாதத்தில் மூன்று ஊர், இப்போது எங்கோ ஒரு கிட்டங்கியில் தெருவிளக்கு பல்பு எத்தனை எரியும் எத்தனை எரியாது என்று போட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறாராம். ஜெயசீலன் சார் குரல் மட்டும் இவனுக்கு வராது. ஒரே ஒரு தடவைதான் பார்த்தது, மாவட்ட அலுவலகத்தில் ஒரு கூட்டத்தில், அதிகம் பேசவில்லை, பேனாவை மூடிவிட்டு ஒரு மாதிரி சிரித்தார். மேலே சத்தம் மாறிவிட்டது. தொம் தொம் போய், தண்ணீரின் மேல் தண்ணீர் விழுகிற குளுகுளு. இரண்டு லாரி ஏறியிருக்கும், இரண்டரை. கழுத்தின் பின்புறம் ஏதோ ஊர்ந்தது, கைவைத்துப் பார்த்தால் வியர்வை. வியர்வைதான், சொட்டு இல்லை. ‘நமது மாவட்டம் வளர்ச்சிப் பாதையிலே வீறுநடை போட்டுக்கொண்டிருக்கிறது என்பதை இந்த நேரத்திலே…’ யாருடைய குரல் இது, யாருடையதும் இல்லை, எல்லா மேடைக்கும் பொதுவான குரல், மைக்கோடு சேர்த்து வாடகைக்கு வருவது. வீறுநடை எதன் மேல் போடுகிறது? மேலத்தெருப் பாலத்தில் லாரி போகக் கூடாது என்று முள்ளை வெட்டிப் போட்டிருக்கிறார்கள், திறந்து எட்டு மாதம். பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பைக் கோயில் திண்ணையில் நடத்துகிறார்கள், கட்டிடத்துக்கு வயது நாலு. ஒவ்வொன்றையும் இரண்டு முறை கட்டி, மூன்றாம் முறை கட்டுவதற்கு மதிப்பீடு போட்டு, தலைமுறை ஒன்று தண்ணீருக்கும் பாலத்துக்குமாகக் காத்துக் காத்தே ஊரை விட்டுத் திருப்பூருக்குப் போய்விட்டது. எல்லாவற்றுக்கும் கியூப் பாஸ். ஃபைலில் ஒரு நாடு இருக்கிறது, அது நெருப்பாக நிற்கிறது.

நாற்காலியை வெயிலில் போட்டுக்கொண்டால் என்ன. போன் சிக்னல் கிடைக்கவில்லை என்று சொல்லலாம். எழுந்திருக்கத்தான் போனான். அப்போது தொட்டிக்குத் தெற்கே இருக்கிற அங்கன்வாடியிலிருந்து சண்முகக்கனி டீச்சர், கையில் சுருட்டிய பாய்களோடு, பின்னால் பதினாலு பிள்ளைகளை ஒருத்தர் சட்டையை ஒருத்தர் பிடித்த ரயிலாகக் கூட்டிக்கொண்டு வந்தாள். வந்தவள் தூணோரமாகப் பாயை உதறி விரிக்க ஆரம்பித்தாள். ‘இங்க எதுக்கு டீச்சர்?’ என்றான். ‘உள்ள தகரம் காயுது சார், பிள்ளைக அவிஞ்சு போகுது. இத்தன நாளா இந்தப் பக்கம் விடமாட்டேன், என்னமோ ஒரு பயம். இன்னைக்கு நீகளே அடியில உக்காந்திருக்கீக. அப்ப ஒண்ணுமில்லன்னுதான் கூட்டியாந்தேன்’ என்றாள். சொல்லிவிட்டுக் கடைசிப் பிள்ளையின் மூக்கைத் துடைத்தாள். ஒரு பயல் ஏற்கெனவே தூணில் முதுகைச் சாய்த்துக் கால் நீட்டிவிட்டான், சரியாக டொப் என்கிற இடத்துக்கு நேர் கீழே தலை. போங்கள் என்று சொல்ல வேண்டும். ஏன் என்று கேட்பாள். ஏன் என்று கேட்டால், கட்டியது சரியில்லை என்று சொல்ல வேண்டும். சரியில்லையென்றால் நீங்கள் எப்படி உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கேட்பாள். எந்தப் படிவத்திலும் அதற்கான கட்டம் இல்லை. தொண்டைக்குள் ஈ.ஈ. கனைத்தார், தவமணி கனைத்தான், மைக்குக்காரர் கனைத்தார், எல்லாரும் வரிசையில் நின்றார்கள், இவனைத் தவிர. மேலே குளுகுளு அடங்கி ஒரு அடர்த்தியான முனகல் வந்துவிட்டது. நாலு லாரி. ‘பாம்பு’ என்றான் கோமதிநாயகம். ‘இப்பத்தான் பாத்தேன். அந்தத் தூண்கிட்ட. பெரிய பாம்பு.’

அவள் கத்தவில்லை. பதினாலையும் கோழிக்குஞ்சை ஓட்டுவதுபோல் ஓட்டிக்கொண்டு அங்கன்வாடிக்குள் விட்டு நாதாங்கியைப் போட்டாள். அப்பாடா என்று இவன் மூச்சு விட்டு முடிப்பதற்குள் ஊர் வந்துவிட்டது. பாம்பு என்றால் ஊர் வரும் என்பதைப் பொறியியல் கல்லூரியில் யாரும் சொல்லித்தரவில்லை. கம்பு, கடப்பாரை, துரட்டி, ஒருத்தர் கையில் டார்ச் லைட், பட்டப்பகலில். முன்னாள் மெம்பர் இருளப்பன் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு தளபதி மாதிரி நின்றார். இருபது பேர், முப்பது பேர், குடத்தோடு வரிசையில் நின்ற பெண்கள் எல்லாம், ஆறு தூணுக்கும் நடுவே. ‘எந்தத் தூணு சார்?’ ‘நல்லதா, விரியனா?’ ‘எம்புட்டு நீளம் இருக்கும்?’ ‘ஏய், இன்ஜினியரு அளக்காமயா இருப்பாரு, கேளு.’ ‘நம்ம மெம்பரைப் பாத்துட்டு அதுவே பொந்துக்குள்ள போயிருக்கும், ஓட்டுக் கேக்க வாரார்னு.’ சிரிப்பு. ஒருத்தன் கடப்பாரையால் தூணின் அடியில் ஓங்கிக் குத்தினான். இன்னொருத்தன் அடுத்த தூணில். ‘குத்தாத’ என்றான் கோமதிநாயகம், யாருக்கும் கேட்கவில்லை. அங்கன்வாடி ஜன்னல் கம்பியில் வரிசையாகச் சின்ன விரல்கள். நாலரை லாரி. ஐந்து. இத்தனை பேரைப் பிள்ளைகளுக்குப் பதிலாக வரவழைத்துவிட்டோமே, பதினாலுக்கு முப்பது, இதுதான் கணக்கா, இப்படித்தான் எல்லாருக்கும் ஆகுமா, ஒரு பொய்யை மூட ஒரு பொய்யை இழுத்தால் அது இன்னும் கொஞ்சம் ஆளைக் கூட்டிக்கொண்டு வந்து அடியில் நிறுத்துமா. கடப்பாரை மறுபடி இறங்கியது, இந்தத் தடவை இடுப்பு உயரத்துக்கு மேலே, நீலச் சுண்ணாம்பு ஒரு வில்லை பெயர்ந்து விழுந்து, உள்ளே கம்பி தெரிந்தது, துரு பிடித்து உதிர்கிற கம்பி. ‘பாம்பு இல்ல’ என்று ஒரு குரல் கேட்டது. கரகரவென்று, நடுவில் உடைந்து, யார் மாதிரியும் இல்லாத குரல். ‘பாம்பெல்லாம் இல்ல. நான் பொய் சொன்னேன். தொட்டிதான் சரியில்ல. தூண்ல கலவை இல்ல. மேல தண்ணி ஏறிக்கிட்டிருக்கு. தயவுசெஞ்சு எல்லாரும் வெளிய போங்க.’

யாரும் நகரவில்லை. தவமணி போனை எடுத்தான், யோசித்து, பையிலேயே போட்டான். இருளப்பன் கம்பைத் தரையில் ஊன்றிக்கொண்டு கேட்டார்: ‘அப்ப கையெழுத்துப் போட மாட்டீக?’ விழுமா என்று கேட்கவில்லை. எப்போது விழும் என்று கேட்கவில்லை. தன்னைத் தூக்கித் தோளில் வைப்பார்கள் என்று ஏதோ ஒரு மூலையில் கோமதிநாயகம் எதிர்பார்த்திருப்பது இப்போதுதான் இவனுக்கே தெரிந்தது. ‘சரியில்லன்னு எழுதத்தான் வேணும்’ என்றான். குடத்தை இடுப்பில் வைத்திருந்த ஒரு பெண், நாற்பது வயதிருக்கும், முன்னால் வந்தாள். ‘இதே மாதிரி ஒரு சாரு வந்தாரு. ஜெயசீலன்னு. தூணு இந்த ஒசரம் இருக்கயில மேல போட வச்சிருந்த கலவையப் பாத்துட்டு சரியில்ல, நிறுத்துன்னாரு. தங்கமான மனுசன், ஒரு டீ குடிக்க மாட்டாரு. அன்னைக்கு நிறுத்துனதுதான். கேஸு, விசாரணை, அந்த ஆபீஸு, இந்த ஆபீஸு. கம்பி மூணு வருசம் வெயில்லயும் மழையிலயும் கெடந்துச்சு. நாங்க மூணு வருசம் ரெண்டு கிலோமீட்டர் குடம் தூக்குனோம். எனக்குக் கர்ப்பப்பை எறங்கிப்போச்சு சார். அப்புறம் திரும்பி வந்து கட்டுனது யாரு? அதே கான்ட்ராக்டருதான். அந்தத் துருப்பிடிச்ச கம்பியிலயேதான்.’ டங், டங், டொப். இடுப்பளவு வரைக்கும் ஜெயசீலன் சார் நின்று பார்த்த தூண், அதற்கு மேல் மூன்று வருஷம். ‘நீங்க நல்லவருதான். நல்லவுக வந்தா எங்களுக்குத் தண்ணி நின்னுருது. போட்டுருங்க சார்’ என்றாள். ‘விழுந்தா?’ என்றான். ‘விழுகுற அன்னைக்கு விழட்டும்’ என்றார் இருளப்பன், ‘அதுவரைக்கும் குடிக்கிறோம்.’ பின்னாலிருந்து ஒருவர், ‘போடுங்க சார்’ என்றார். இன்னொருவர். கெஞ்சல்கூட இல்லை, பஸ்ஸில் உள்ளே போங்க சார் என்பார்களே, அந்தக் குரல். கையெழுத்துப் போடாமல் போனால் நாலாவது வருஷம். போட்டால், என் முன்னிலையில். ஈ.ஈ. உள்ளே சிரித்துக்கொண்டிருந்தார், பாத்தீங்களா தம்பி, ஜனங்களே கேக்குறாங்க. மேலே சத்தமே இல்லாமல் போயிருந்தது, அதுதான் எல்லாவற்றையும்விட மோசமாக இருந்தது, நிறைந்த பாத்திரத்துக்குச் சத்தம் கிடையாது. தவமணி படிவத்தை நீட்டி, வைத்து எழுத ஏதும் இல்லாததால் திரும்பிக் குனிந்து முதுகைக் காட்டினான். முதுகு சூடாக, மூச்சுக்கு ஏறி இறங்கியது. கசிவு: இல்லை. கட்டுமானத்தின் நிலை: திருப்திகரம். கோமதிநாயகம் போட்டான். பேனா ‘ம்’மில் சட்டைத் துணியோடு இடறி ஒரு சின்ன ஓட்டை போட்டது. உடனே, அதற்காகவே காத்திருந்த மாதிரி, மேலே வழிகுழாயிலிருந்து தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு விழுந்தது, ஊரே கம்பையும் கடப்பாரையையும் அப்படியே போட்டுவிட்டுக் குடத்தோடு ஓடியது. நிற்கிறது. விழவில்லை, நிற்கிறது. சந்தோஷமாக இருந்தது, அது சந்தோஷம் என்று தெரிந்தபோது வாய்க்குள் கசந்தது. இன்றைக்கு நின்றுவிட்டது. நாளைக் காலை ஆறு மணிக்கு மறுபடி நிரப்புவார்கள், மறுநாளும்.

யாரோ சட்டையைத் தொட்டார்கள். சண்முகக்கனி டீச்சர். எல்லாவற்றையும் அவள் அந்த ஜன்னலிலிருந்து கேட்டிருக்கிறாள். திட்டுவாள் என்று நினைத்தான், திட்டட்டும் என்று நின்றான். அவள் தரையில் கிடந்த ஒரு கம்பை எடுத்துக்கொண்டு, ‘எது வரைக்கும் விழும் சார்?’ என்றாள். இவனுக்குப் புரியவில்லை. ‘சாஞ்சுச்சுன்னா எது வரைக்கும் விழும். இன்ஜினியருக்குத் தெரியும்ல. அதுக்கு இந்தப் பக்கம் பிள்ளைகள விடமாட்டேன். கோடு போட்டுக்கிறேன்.’ வேலைக்குச் சேர்ந்த ஒன்றரை வருஷத்தில் இவனிடம் யாரும் கேட்ட முதல் பொறியியல் கேள்வி. உயரம் நாற்பது, தொட்டி பத்து, உருண்டு வருவதற்கு ஐந்து. ‘ஐம்பத்தஞ்சு அடி’ என்றான். ‘அளந்து காட்டுங்க.’ தூணிலிருந்து முதுகைத் திருப்பி நடந்தான், எட்டுக்கு இரண்டரை அடி, வாய்விட்டு எண்ணிக்கொண்டு, தன் குரலில்தான். இருபத்திரண்டு எட்டு வைக்க வேண்டும். பதினெட்டாவது எட்டில் கால் அங்கன்வாடிப் படியில் இடித்தது. ‘இன்னும் இருக்கா?’ ‘நாலு எட்டு.’ அவள் நாதாங்கியை எடுத்துக் கதவைக் காலால் தள்ளி உள்ளே போனாள். இவன் பின்னால் போய், பத்தொன்பது, இருபது, அரிசி டிரம், இருபத்தொன்று, எடை பார்க்கிற தராசு, இருபத்திரண்டு என்று நின்றான். அவள் இவன் குதிகாலை ஒட்டிச் சிமெண்ட் தரையில் கம்பால் இழுத்தாள், பதியவில்லை, கரும்பலகையிலிருந்து சாக்கட்டியை எடுத்து இழுத்தாள், ஒரு சுவரிலிருந்து மறுசுவருக்கு, லேசாக வளைத்து. பிள்ளைகள் கோட்டுக்கு அந்தப் பக்கம், பின்சுவரோடு ஒட்டி, மரியாதையாக நின்று பார்த்தார்கள். டீச்சர் பாய்களை ஒவ்வொன்றாக அங்கே விரித்து, கடைசிப் பாயை மடித்துப் பார்த்து, திருப்பிப் போட்டுப் பார்த்து, இடுப்பில் கைவைத்து நின்றாள். ‘பதினோரு பிள்ளைக படுக்கும். மூணு பேர ஒருக்களிச்சுப் படுக்கவைக்கணும்’ என்றாள்.